புகை யாருடைய பங்கு?
டென்மார்க் விறகடுப்பின் வரலாறும் எமது இல்லங்களும்

மனிதன் நெருப்பை வசப்படுத்திய வரலாற்றை நாம் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். ஆனால் நெருப்போடு கூடப் பிறந்த புகையை அவன் வசப்படுத்திய வரலாற்றை எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. உண்மையில் அந்த வரலாறு இன்னும் முடிவடையவுமில்லை. நாம் புகலிடம் பெற்று வாழும் டென்மார்க் நாட்டில், வரவேற்பறையின் மூலையில் கண்ணாடிக் கதவோடு நிற்கும் விறகடுப்பு அந்த நீண்ட கதையின் இன்றைய அத்தியாயமாகும். எமது குடும்பங்களிற் பல இன்று யூலன்ட் பகுதியின் சிற்றூர்களிலே பழைய வீடுகளை வாங்கிக் குடியிருக்கின்றன. வீட்டோடு சேர்ந்து அடுப்பும் வந்துவிடுகிறது. அதன் வரலாற்றை அறியாது அதனை மூட்டுவோர், அறியாமலே தம் பிள்ளைகளின் மூச்சிலும் அயலவரின் மூச்சிலும் நஞ்சைக் கலக்க நேரிடும். எனவேதான் இக்கட்டுரை.

விருந்தினருக்கு வெப்பம், இல்லத்தரசிக்குப் புகை

முற்காலத்து டேனிய விவசாயியின் வீட்டில், எமது மூன்று கல் அடுப்பைப் போலவே, திறந்த அடுப்பே இருந்தது. ஐரோப்பாவில் வார்ப்பிரும்புத் தகடுகளைச் செய்யும் கலை வளர்ந்தபின், 'பிலெகர்' எனப்படும் பெட்டியடுப்பு இந்நாட்டு வீடுகளுக்கு வந்தது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையிலுள்ள சுவரைத் துளைத்து, வரவேற்பறைப் பக்கமாக நீண்டு நிற்கும் இரும்புப் பெட்டி இது. நெருப்பிடுவதும் சாம்பல் அள்ளுவதும் சமையலறைப் பக்கத்தில் நடைபெறும். புகையும் அப்பக்கமாகவே வெளியேறும். வரவேற்பறையில் இருப்போர் வெப்பத்தை மட்டும் அனுபவிப்பர். டென்மார்க்கில் இரும்பு வளம் அரிது. 1814ஆம் ஆண்டுவரை நோர்வே டேனிய முடியின் கீழ் இருந்தமையால், இத்தகடுகளிற் பல நோர்வேயின் வார்ப்பாலைகளிலிருந்தே வந்தன. விவிலியக் காட்சிகள் பொறிக்கப்பட்ட அத்தகடுகளை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம்.

இந்தப் பிலெகர் அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எமது ஊர் வீடுகளே நினைவில் எழும். யாழ்ப்பாணத்து வீட்டிலும் குசினி பின்வளவிலே தனித்து நிற்கும். பனைமட்டையும் கொக்கரையும் ஊமலும் சிரட்டையும் எரியும். தலைவாசலில் விருந்தினர் காற்றாட அமர்ந்திருப்பர். கரி படிந்த முகட்டின் கீழே ஊதுகுழலோடு குனிந்திருந்த எம் தாய்மார் கண்ணைக் கசக்கியபடி சமைத்தனர். டேனியரும் நாமும் அக்காலத்திற் கண்ட தீர்வு ஒன்றே: புகையை ஒழிக்கவில்லை, அதனைச் சுமக்கும் பொறுப்பைப் பெண்களுக்கு மாற்றிவிட்டோம்.

காடு குறைந்த நாடு

அடுப்பின் வரலாற்றை எரிபொருளின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. கப்பல் கட்டவும் வீடு கட்டவும் விறகுக்கும் மேய்ச்சலுக்குமாக மரங்கள் அழிக்கப்பட்டதன் பயனாக, 1800ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 2 முதல் 4 வீதம் வரையே காடாக எஞ்சியிருந்தது. 1805இல் பிறப்பிக்கப்பட்ட காடு காப்புச் சட்டம் எஞ்சிய காட்டுக்கு வேலியிட்டுக் கால்நடைகளை வெளியேற்றியது. 1866இல் என்றிக்கோ டல்காஸ் என்பவரின் முயற்சியால் உருவான தரிசுநிலச் சங்கம், யூலன்டின் வறண்ட புதர்நிலங்களில் மரம் நடும் பணியை முன்னெடுத்தது. இன்று நாம் காணும் ஊசியிலைக் காடுகளிற் பல அவ்வுழைப்பின் விளைவே. இப்போது காட்டின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 15 வீதம்.

விறகு கிடைக்காத காலத்தில் ஏழை மக்கள் எதை எரித்தனர்? சதுப்பு நிலத்தை வெட்டி, அதிலிருந்து எடுத்த கரிமண்ணைக் கட்டிகளாகக் காயவைத்து எரித்தனர். டேனியர் இதனைத் 'தோர்வ்' என்பர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரி வரத்துக் குறைந்தபோது இதன் தேவை மீண்டும் பெருகியது. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் சில்கபோர் நகருக்கருகே அடுப்புக்காகத் தோர்வ் வெட்டிக்கொண்டிருந்தோர், ஒரு மனித உடலைக் கண்டு, அண்மையில் நிகழ்ந்த கொலையென அஞ்சிப் பொலிசாருக்கு அறிவித்தனர். அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடையது என்பது பின்னரே தெரியவந்தது. சில்கபோர் அருங்காட்சியகத்தில் உறங்குவதுபோற் கிடக்கும் 'தொலுண்ட் மனிதன்' அவனே. அடுப்பெரிக்கும் தேவைதான் அவனை உலகுக்குக் காட்டியது.

மோர்ஸ் தீவின் வார்ப்பாலை

19ஆம் நூற்றாண்டில் அடுப்பு சுவரை விட்டு வெளியே வந்து அறையின் நடுவே தனித்து நின்றது. 1853இல் லிம்பியோர்ட் நீர்ப்பரப்பிலுள்ள மோர்ஸ் தீவில், நியூகோபிங் நகரில், என்.ஏ.கிறிஸ்ரென்சன் என்பவர் ஒரு வார்ப்பாலையை நிறுவினார். மோர்சோ என்னும் பெயரால் இன்று அறியப்படும் நிறுவனம் அதுவே. வீடுகளுக்கு மட்டுமன்றிப் பாடசாலைகளுக்கும் தேவாலயங்களுக்கும் புகையிரத நிலையங்களுக்கும் அதன் அடுப்புகள் சென்றன. 1915இல் அது அரச மாளிகைக்குப் பொருள் வழங்கும் தகுதியைப் பெற்றது.

அடுப்பு டேனிய மக்களின் உள்ளத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதை அறிய எச்.சி.அனர்சன் 1861இல் வெளியிட்ட 'பனிமனிதன்' என்னும் கதையே போதும். உறைபனியால் ஆன ஒருவன், யன்னலூடாகக் கண்ட அடுப்பின்மீது காதல் கொண்டு ஏங்குகிறான். பனி உருகி அவன் மறைந்தபின்னரே காரணம் தெரிகிறது: அடுப்புச் சாம்பல் கிளறும் கோல் ஒன்றைச் சுற்றியே அவனை உருவாக்கியிருந்தனர். எமது பிள்ளைகள் பாடசாலையில் இக்கதையைப் படிக்கும்போது, பெற்றோரும் கேட்டறிவது நன்று.

1973: கதவைத் தட்டிய நெருக்கடி

அடுத்த நூற்றாண்டில் அடுப்பு மெல்லமெல்லப் பின்தள்ளப்பட்டது. 1903இல் கொப்பன்கேகனையடுத்த பிரெட்றிக்ஸ்பேர்கில் குப்பையை எரித்துப் பெற்ற வெப்பத்தைக் குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்பத் தொடங்கினர். இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் தரும் 'பியான்வாம' முறையின் தொடக்கம் அதுவே. இரண்டாம் உலகப்போரின் பின் மலிவான எண்ணெய் வந்தது. நாட்டின் சக்தித் தேவையில் நூற்றுக்கு 90 வீதமளவு வெளிநாட்டு எண்ணெயில் தங்கியிருந்த வேளையில், 1973இன் மத்திய கிழக்குப் போரும் எண்ணெய் நெருக்கடியும் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. எறிந்த அடுப்பைத் தேடி மக்கள் மீண்டும் ஓடினர். 1990களில் எண்ணெய்த் தடைக்குள் அகப்பட்ட எமது குடாநாட்டு மக்கள், மண்ணெண்ணெய் அடுப்பை ஒதுக்கிவைத்து விறகுக்குத் திரும்பியதை அனுபவித்த நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்வோம். 2022இல் உக்ரேன் போரை அடுத்து எரிவாயு விலை ஏறியபோதும் இந்நாட்டில் அதே காட்சி திரும்பியது.

ஆனால் 1970களின் அவசரத்தில் பரவிய அடுப்புகளிற் பல, வெப்பத்தைத் தந்த அளவுக்குப் புகையையும் தந்தன. முன்பு சமையலறைக்குத் தள்ளப்பட்ட புகை இப்போது புகைக்கூட்டின் வழியே தெருவுக்குத் தள்ளப்பட்டது. சுமக்கும் தோள் மட்டும் மாறியது. இன்று டென்மார்க்கினுள்ளே உண்டாகும் நுண்துகள் மாசில் ஏறத்தாழப் பாதி, வீடுகளில் விறகெரிப்பதனால் வருவதென ஆய்வாளர் கணித்துள்ளனர். மூக்கின் மயிருக்கும் சளிக்கும் அகப்படாமல் நுரையீரலின் அடிவரை செல்லும் இத்துகள்கள் இழைப்பு நோயையும் இருதய நோயையும் பெருக்குகின்றன.

சட்டம் சொல்வது

2008ஆம் ஆண்டு ஜூன் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த விறகடுப்பு விதிகள், ஒரு கிலோ விறகை எரிக்கும்போது 10 கிராமுக்கு மேல் துகள் வெளியேறலாகாது என வரையறுத்தன. இவ்வெல்லை 2015இல் 5 கிராமாகவும் 2017இல் 4 கிராமாகவும் குறைக்கப்பட்டது. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதியும் சேர்ந்துகொண்டது. வீடு வாங்குவோர் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 2003க்கு முற்பட்ட அடுப்புள்ள வீட்டை வாங்குபவர் பன்னிரண்டு மாதங்களுக்குள் அதனை மாற்றவோ நீக்கவோ வேண்டும். ஆகவே விலை பேசுமுன் அடுப்பின் வயதைக் கேளுங்கள். சில கொம்யூன்கள் மேலும் கடுமையான விதிகளை வைத்திருக்கலாம். அங்கும் விசாரியுங்கள்.

உள்ளேயே எரியும் புகை

புதிய அடுப்பின் சிறப்பு யாது? விறகின் வெப்பத்திற் பெரும்பகுதி, சூடேறும்போது அதிலிருந்து எழும் வாயுக்களிலேயே அடங்கியுள்ளது. புகை என்பது எரியாமல் தப்பிச் செல்லும் விறகே. புதிய அடுப்பில் முன்பே சூடேற்றப்பட்ட இரண்டாம் காற்று மேற்புறமாகச் செலுத்தப்படுகிறது. அக்காற்றிலே வாயுக்கள் மீண்டும் எரிந்துவிடுகின்றன. புகையின் பெரும்பகுதியை இன்னொருவர் தலையில் இறக்காமல் அடுப்பே சுமந்து தீர்க்கிறது.

தெரிவு செய்யும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, வடநாடுகளின் அன்னப்பறவை முத்திரை. சட்டம் கேட்பதிலும் குறைவாக மாசு வெளிவிடும் அடுப்புகளுக்கே இது வழங்கப்படுகிறது. இரண்டாவது, அளவு. பெரிய அடுப்பே நல்லதென எம்மவர் எண்ணுவது தவறு. அளவுக்கு மிஞ்சிய அடுப்பை வெக்கை தாங்காமல் காற்றடைத்து எரிக்க நேரும். அவ்வாறு எரிப்பதே பெரும்புகைக்குக் காரணம். நன்கு வெப்பக்காப்பிட்ட வீட்டுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 60 முதல் 80 வாற்று வரை போதும். மூன்றாவது, 'ஸ்கோர்ஸ்ரென்ஸ்பையர்' எனும் புகைக்கூடு துப்புரவாளர். அவரை அடுப்பு வாங்குமுன்னரே அழைத்து ஆலோசியுங்கள். அவரது அத்தாட்சி இன்றிப் புதிய அடுப்பை மூட்டலாகாது.

பராமரிப்பே உயிர்

நல்ல அடுப்பும் ஈரவிறகிட்டால் கெட்ட அடுப்பாகும். புதிதாகத் தறித்த மரத்தின் நிறையில் பாதியளவு நீராக இருக்கலாம். பிளந்து, மேலே மூடி, பக்கங்களிற் காற்றுப்பட அடுக்கி, ஒன்று அல்லது இரண்டு கோடைகள் காயவிடுங்கள். ஈரம் நூற்றுக்கு 18 வீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். அதனை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. புதிதாகப் பிளந்த முகத்தில் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஊரில் நாம் அடியிலிருந்து மூட்டிப் பழகியவர்கள். இங்கோ மேலிருந்து மூட்டவேண்டும். கீழே இரண்டு விறகு, அதன்மேற் சிறு சுள்ளிகள், உச்சியில் மூட்டி. காற்றுக் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும். கங்கு விழுந்தபின் இரண்டு மூன்று சிறு துண்டுகளாக விறகிடுங்கள். இரவு முழுவதும் காற்றடைத்துக் கனியவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அதுவே கண்ணாடியைக் கறுப்பாக்கிப் புகைக்கூட்டினுள் கரித்தார் படியவைத்து, பின்னொரு நாள் கூட்டுக்கே தீ வைக்கும். வர்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், பால் பெட்டி, பிளாஸ்ரிக் ஆகியவற்றை எரிப்பது சட்டவிரோதம், நஞ்சும்கூட.

கதவின் ஓரத்துக் கயிற்றிறுக்கியை ஆண்டுதோறும் சோதியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்தால், தாள் வழுக்கி வரலாகாது. உட்சுவரின் கற்தகடுகள் சிதைந்திருப்பின் மாற்றுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியிலிட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத காபனோரொட்சைட்டு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்க வல்லது. அதனை அறிவிக்கும் கருவி ஒன்றை அடுப்புள்ள அறையிற் பொருத்துங்கள். இறைச்சி வாட்டும் கரியடுப்பை எக்காரணம் கொண்டும் வீட்டினுள் மூட்டாதீர்கள்.

பராமரிப்பின் அருமையை எமது பிராந்தியத்தின் வரலாறும் கற்பிக்கிறது. 1953இல் ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு புகைபோக்கியுடன் கூடிய ஏழைகளுக்கான அடுப்பை எழுதி விளக்கினார். 1983இல் இந்திய அரசு நாடு தழுவிய மேம்படுத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் வெடித்த மண்ணைப் பூசவும் அடைத்த புகைபோக்கியைத் துடைக்கவும் ஆளின்றி, கொடுத்த அடுப்புகளிற் பெருந்தொகையானவை கைவிடப்பட்டன. திட்டமும் 2002இல் முடிந்தது. இலங்கையில் 1980களில் உருவான 'அனகி' என்னும் இருபானை மண்ணடுப்பு விறகைச் சேமித்தது. ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை.

இன்றும் உலகில் வீட்டுப் புகையால் ஆண்டுதோறும் மடிவோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களிற் பலர் எம் தாய்மாரைப் போன்றவர்கள்.

பியான்வாம உள்ள வீட்டில் அடுப்பு தேவையா என்று எவரேனும் என்னிடம் கேட்டால், தேவையில்லை என்றே கூறுவேன். தேவையுள்ளோர் வைத்திருக்கட்டும். ஆனால் மூட்டிப் பத்து நிமிடத்தின் பின் ஒருமுறை வெளியே சென்று தமது புகைக்கூட்டை அண்ணாந்து பார்க்கட்டும். கூட்டின் மேலே எதுவும் தெரியவில்லையாயின் நன்று. கரும்புகை தெரிந்தால், அது எந்த வீட்டின் யன்னலை நோக்கிச் செல்கிறது என்பதையும் பார்க்கட்டும். எமது தாய்மார் சுமந்த புகையை நாம் இன்னொருவர் வீட்டுக் குழந்தைக்குப் பங்கிட்டுக் கொடுத்தல் தகாது.