வலையும் பந்தும்

நாஞ்சில் நாட்டுச் சரித்திரம் என்று எழுதப்பட்டவற்றைப் புரட்டிப் பாருங்கள். பழையாறு வரும், பேச்சிப்பாறை அணை வரும், மடையும் குளமும் நெல்லும் வரும். கடற்கரை அநேகமாக வராது. வந்தாலும், 1741இல் டச்சுக்காரர்கள் குளச்சலில் தோற்ற கதைக்காக ஒரு நிமிஷம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். வயலோரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக் கடல் ஓர் இரைச்சல்தான். கறாராகப் பார்த்தால் நாஞ்சில் நாடு தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே உள்ளவர்களைப் பற்றி நமக்கென்ன என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. நான் சொல்ல வந்தது அந்த மேற்குக் கரையைப் பற்றி.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையிலிருந்து குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம்வரை வரிசையாக எட்டு ஊர்கள். ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள்; சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கரையில் இருக்கும் நாட்களில் அவர்களுக்குப் பந்து வேண்டும். மணலில் பந்து எழும்பாது, உருளவும் செய்யாது. காலால் எடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மணலில் பழகிய காலுக்குப் புல்தரை கிடைத்தால் அது ராஜபாட்டை.

உதைப்பதை வைத்தே ஒரு மனிதன் பிழைக்க முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கையாலேயே விளையாடும் ஓர் ஆட்டம் உண்டு. அதில் நிறுத்தி வைத்த பந்தை உதைப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறான். ஆட்டம் முழுவதும் ஓரத்தில் நிற்பான். கூப்பிட்டால் வந்து உதைத்துவிட்டுப் போவான். கம்பத்துக்குள் போனால் வீரன், தவறினால் பாவி.

நம் தேசத்துக்கும் அந்த அனுபவம் உண்டு. 1911இல் மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அணியைத் தோற்கடித்தது நமக்குப் பெருமையாகச் சொல்லப்பட்ட கதை. 1948 லண்டன் ஒலிம்பிக்கின் கதையை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. சுதந்திர இந்தியா பிரான்ஸை எதிர்த்தது. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. ஆட்டம் 2-1 என்று பிரான்ஸுக்குப் போயிற்று. அன்று ஆடியவர்கள் உதைத்துப் பிழைத்தவர்கள் அல்ல. பிழைப்பு வேறு, உதை வேறு என்றிருந்த காலம் அது.

காலமும் மாறியது, உதையே பிழைப்பாயிற்று. இரவிபுத்தன்துறையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் 1994இல் பிறந்த மைக்கேல் சூசைராஜ் அந்தப் பிழைப்பைத் தேர்ந்துகொண்டவர். இடதுகால் ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். 2017-18 பருவத்தில் அந்தப் போட்டியின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பருவம் எது என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி. சொன்னேனே, அந்த எட்டு ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காமல் காத்திருந்த வீடுகள் எத்தனை! ஊர் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் அந்த ஊர்ப் பிள்ளை களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பரிசுப் பட்டியலில் இந்த விவரம் இராது. சரித்திரத்தில் இருக்கவேண்டும்.

பிறகு ஏற்றந்தான். 2018இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அந்த அக்டோபரில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூர் போட்ட இரண்டு கோல்களில் ஒன்று உலகக் கோப்பை ஆடிய ஆஸ்திரேலியர் டிம் காஹில் போட்டது; மற்றது சூசைராஜ் போட்டது. விதியின் குறும்பைப் பாருங்கள்: அவர் விட்டுப்போன சென்னை சிட்டி, மறு பருவத்திலேயே ஐ-லீக் சாம்பியன் ஆயிற்று. 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது. பின்னர் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அந்த அணி 2020 மார்ச் 14 அன்று கோவாவில், தொற்றுநோய்க்குப் பயந்து ஆளில்லாமல் நடந்த இறுதி ஆட்டத்தில், சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சென்னை அணி தோற்றதில் வெற்றி பெற்றார். தொழில் என்றால் அப்படித்தான்.

எட்டு மாதம் கழித்து, நவம்பர் 20, மறுபடியும் கோவா, மறுபடியும் காலி மைதானம். புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அவருடைய அணி 1-0 என்று ஜெயித்தது. அவருக்கு அந்தப் பருவமே போயிற்று. வயது 26. ஆட்டக்காரனுக்கு அது உச்சி வெயில் நேரம். பின்னால் திரும்பி வந்தார், 2022இல் ஒடிசா அணிக்கும் போனார். ஆனால் போன பருவத்தை எந்த ஒப்பந்தமும் திருப்பித் தருவதில்லை.

கடலுக்குப் போகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான். பந்துக்குப் போகிறவன் ஒரு முழங்காலை. இரண்டும் ஒன்றல்ல, ஒக்கியைப் பார்த்த எவனும் அப்படிச் சொல்லத் துணியமாட்டான். ஆனாலும் நாளைய வானிலை தெரியாமல் இன்று இறங்குவது இரண்டுக்கும் பொது. மேற்குக் கரைப் பிள்ளைகள் பந்தை நம்பிப் புறப்படுவதைப் பார்த்து, நிலையில்லாத பிழைப்பு என்று அறிவுரை சொல்கிறோம். நிலையான பிழைப்பு எது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அணையும் குளமும் உள்ள நம்மிடம் பதில் இருக்கலாம். அவர்களிடம் சொல்வதற்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.