காசு கொடுத்து லிங்க் வாங்கலாமா?

'ஒரே வாரத்துல 500 பேக்லிங்க்!' - புதுசா வெப்சைட் ஆரம்பிச்சவங்களா நீங்க? இப்படி ஒரு மெயில் கட்டாயம் வந்திருக்கும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஜே.சி.பென்னி கதையைக் கேட்டுடுங்க.

அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனம் அது. 2010 கடைசியில், பண்டிகை சீசன் நேரத்தில் 'டிரெஸ்', 'பெட்ஷீட்' என எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்து நின்றது. காரணம், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்காக வைக்கப்பட்டிருந்த லிங்க்குகள். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைப் போட்டு உடைக்க, கூகுள் அந்த சைட்டைப் பல பக்கங்கள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்ற நிறுவனம், தன் எஸ்.இ.ஓ ஏஜென்சியைக் கழற்றிவிட்டது. (பலி ஆடு எப்பவும் ரெடியா இருக்கும்ல!)

அடுத்தவர் தரும் லிங்க்கை சிபாரிசாக எடுத்துக்கொள்வதுதான் பேஜ்ரேங்க்கின் அடிப்படை. விலைக்கு வாங்கிய சிபாரிசைப் பிடிக்கவே 2012-ல் 'பென்குயின்' அப்டேட் வந்தது.

அப்போ என்னதான் பண்றது? மாடித்தோட்டம் பத்தி எழுதுறீங்கன்னா, எந்த மாசம் எதை விதைக்கலாம்னு உங்க அனுபவத்துல ஒரு அட்டவணை போடுங்க. தோட்டக்காரங்க தானாவே லிங்க் கொடுப்பாங்க. மெதுவாதான் வரும். யார் யார் கொடுத்திருக்காங்கன்னு கூகுள் சர்ச் கன்சோல்ல இலவசமாவே பார்க்கலாம்.