லண்டன் போன குருந்தம்

காஞ்சிபுரம் கருட சேவை. வைகாசி மாத விடியற்காலையில் கழுத்தை எக்கிக்கொண்டு நிற்கிறோம். பக்கத்தில் நின்ற தறிக்காரப் பெரியவர், ‘‘கிளைவ் மகரகண்டி தெரியுதா பாருங்க சார்’’ என்றார். ராபர்ட் கிளைவ் வரதராஜப் பெருமாளுக்குக் கொடுத்ததாக ஊரே சொல்லும் ஆரம் அது. பேச்சு அப்படியே சாமி நகைகளுக்குத் தாவியது. ‘‘கெம்பெல்லாம் பர்மா சரக்கு. நம்ம பக்கம் ஏது?’’ என்றார்.

இருக்கிறதே! கெம்புக்கு உலகம் வைத்திருக்கும் பெயரே நம்முடையதுதான். மாணிக்கமும் நீலமும் ஒரே கல். அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த அதற்கு விஞ்ஞானத்தில் ‘கொரண்டம்’ என்று பெயர். தமிழ் ‘குருந்தம்’தான் அப்படி ஆனது. நூற்றில் ஒரு பங்கு குரோமியம் கலந்தால் சிவப்பு. கொஞ்சம் இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

இந்தப் பெயரை லண்டனில் பிரபலமாக்கியவர் சார்லஸ் கிரெவில். (தன் காதலி எம்மாவைச் சொந்த மாமாவிடமே தள்ளிவிட்ட புண்ணியவான். அதே எம்மாதான் பின்னால் நெல்சனின் காதலி ஆனார்!) ஆனால், மனுஷனுக்குக் கல் பைத்தியம் நிஜம். ஆசியக் குருந்தம் பற்றி 1798-ல் கட்டுரை எழுதினார். 1802-ல் பூர்னோன் என்ற பிரெஞ்சுப் பிரபு, குருந்தம், மாணிக்கம், நீலம் எல்லாம் ஒரே குடும்பம் என்று விளக்கினார். கர்நாடகச் சீமையிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து போன குருந்தம் ஒட்டியிருந்த வெள்ளைப் பாறைக்கு ‘இண்டியனைட்’ என்றும் பெயர் வைத்தார். கிரெவில் இறந்த பிறகு, 1810-ல் அவருடைய கற்களை பிரிட்டிஷ் மியூசியம் 13,727 பவுண்டுக்கு வாங்கியது. வெயிலில் தோண்டி எடுத்தவனுக்கு என்ன கிடைத்தது? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அந்த வெள்ளைப் பாறையும் சிவப்புக் குருந்தமும் இன்றும் உண்டு. பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள் ரொம்ப ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில் விளைந்த சரக்கு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணலில் இருக்கும் சிலிக்கா பக்கத்தில் தாராளமாக இருந்தால், அலுமினியம் அதோடு சேர்ந்து சாதாரணப் பாறையாகிவிடும். சிலிக்காவுக்குப் பஞ்சம் வந்தால்தான் மிச்ச அலுமினியம் ஆக்ஸிஜனை மட்டும் பிடித்துக்கொண்டு, அணு அணுவாக அடுக்கி, ஆறு பட்டை கொண்ட படிகமாக வளரும். வறுமையில் பிறந்த மாணிக்கம்!

வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். தூளாக்கி அரக்கில் குழைத்து சாணைச் சக்கரம் செய்தார்கள் நம்மவர்கள். நம் ஊர்க் குருந்தம் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெளியாது. மோதிரத்துக்கு ஆகாது. ஆனால் பாறையோடு உட்கார்ந்திருக்கும் சிவப்புப் படிகத்தை அப்படியே எடுத்து அலமாரியில் வைக்க ஆசைப்படும் கல் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சந்திரனின் மேட்டு நிலத்தில் இருப்பதும் இதே ஜாதி வெள்ளைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க, சித்தம்பூண்டி, குன்னமலை பாறைகளை இடித்து நிலா மண் தயாரித்தது இஸ்ரோ.

இவ்வளவையும் பெரியவரிடம் சொல்லி முடிப்பதற்குள் கருடன் தெரு முனை திரும்பிவிட்டார். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில், ‘‘எல்லாம் சரி சார், அந்தக் கல் கிலோ என்ன விலை போவுது?’’ என்றார்.