தொகுத்தவர் கண்ணீர்: கனவுருப்புனைவுத் தொகைக்கு மதுரை தரும் இலக்கணம்

இறையனார் அகப்பொருள் உரை ஒரு வழக்கோடு தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்தபின் பாண்டியன் புலவர்களைத் திரும்ப அழைக்கிறான். எழுத்தும் சொல்லும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் அகப்படவில்லை. மன்னனின் கவலை கண்ட ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் செய்து, செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இடுகிறான். சங்கத்தார் ஆளுக்கோர் உரை காண்கிறார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க அமர்த்தப்படுபவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன், ஐந்து வயது ஊமைப் பிள்ளை. மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் கண்ணில் நீர் வருகிறது. நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறது. வழக்கு தீர்ந்தது.

இந்தக் கதையில் நான் நின்றுபோவது உருத்திரசன்மன் என்ற பெயரில். உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க அகநானூற்றைத் தொகுத்தவர் என்று மரபு குறிக்கும் பெயரும் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர்தான். தமிழின் தலைசிறந்த தொகையாசிரியர் ஒருவர் தாமே ஓர் அதிசயக் கதையின் பாத்திரமாகி நிற்கிறார். தொகுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கூர்மையான விளக்கம் நம்மிடம் இல்லை. கேட்டவன் உடம்பே அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலுக்கு நூற்றுக்கணக்கான கவிகளைக் கேட்ட பயிற்சியும் ஒரு வைப்புமுறையும் வேண்டும். கனவுருப்புனைவுத் தொகுப்புகள் தமிழில் பெருகத் தொடங்கியுள்ள இந்நாளில், அவற்றுக்கான இலக்கணத்தை மதுரையின் இரு தொகைகளிலிருந்தே பெறலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

'கனவுருப்புனைவு' என்ற சொல்லை 2018இல் தொடங்கிய அரூ இதழ் வழக்கில் நிறுத்தியது. அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, திகில் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் சொல் அது. அதற்கு முன் சுஜாதாவின் 'விஞ்ஞானச் சிறுகதைகள்', ஜெயமோகனின் 'விசும்பு' போன்ற தனியாசிரியர் தொகுதிகளே இத்துறையின் முகமாக இருந்தன. ஆசிரியர் ஒருவராக இருந்தால் தொகுதிக்கு ஒருமை தானே வந்துவிடும். பலர் எழுதியதை ஒருவர் தொகுக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது: இந்தக் கதைகள் எதனால் ஓரிடத்தில் இருக்கின்றன?

இந்திய அளவில் இதற்குச் சொல்லப்பட்ட விடை 'நாடு'. 1993இல் பால் பொண்ட்கே தொகுத்து நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'இட் ஹாப்பன்ட் டுமாரோ' பல இந்திய மொழிகளின் 19 அறிவியல் கதைகளை ஆங்கிலத்தில் தந்தது. ஜெயந்த் நார்லிகரும் சுஜாதாவும் அருகருகே நின்றார்கள். முன்னோடி நூல் என்ற மதிப்பு அதற்கு என்றும் உண்டு. தொகுப்பாசிரியரின் மொழியான மராத்திக்கு அதில் இடம் மிகுதி. அம்மொழியில் அறிவியல் கதை முன்பே தழைத்திருந்ததால் அதைப் பெருங்குறையாகச் சொல்ல மாட்டேன். என் குறை வேறு. அந்த நூலில் ஒரு கதைக்கு அடுத்த கதை ஏன் வருகிறது என்பதற்கு விடை இல்லை. வரிசையைக் கலைத்துப் போட்டாலும் எந்தக் கதையும் வருந்தாது. அது ஒரு நாட்டின் பேராளர் பட்டியலாக நிற்கிறது, தொகையாக ஆகவில்லை.

அகநானூற்றில் வரிசையைக் கலைக்க முடியாது. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். நானூறு பாட்டும் இந்தக் கணக்கில் ஓடுகின்றன. பிற திணைப் பாட்டு இரண்டுக்கு நடுவே எப்போதும் ஒரு பாலை, ஒரு பிரிவு. வீட்டிலிருந்து வீட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் சுரத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்று தொகுத்தவர் வாசகனை நடத்துகிறார். புலவர் எவரும் எழுதாத ஒரு பொருளை வரிசை எழுதிவிட்டது. தொகையாசிரியரும் ஆசிரியரே என்பதற்கு இது போதும்.

இரண்டாவது தொகை திருவிளையாடல். இதைக் கனவுருப்புனைவு என்பதில் சிலருக்கு மனத்தடை இருக்கும். அன்பர்க்கு அது இறைவனின் செயல். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. நான் பேசுவது கதையின் கட்டுமானம் பற்றி. பல காலம் பலர் வாயில் வளர்ந்த கதைகள் 64 என்ற எண்ணுக்குள் கோக்கப்பட்டன. பெரும்பற்றப்புலியூர் நம்பி முதலில் தமிழில் பாடினார், அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1906இல் பதிப்பித்தார். பின்வந்த பரஞ்சோதி முனிவர் மதுரைக் காண்டத்தில் 18, கூடற் காண்டத்தில் 30, ஆலவாய்க் காண்டத்தில் 16 என்று வகுத்துப் பாண்டியர் வழிமுறையில் கோத்தார். இருவரின் வைப்புமுறையும் வேறு. ஒரே கதைகள், இரண்டு வரிசை, இரண்டு நூல்.

கட்டுமானம் என்று சொன்னதற்குப் 'பழி அஞ்சின படலம்' ஒன்றே சான்றாகும். திருப்புத்தூரிலிருந்து மதுரைக்கு வரும் ஓர் அந்தணன், கைக்குழந்தையோடு மனைவியை ஓர் ஆலமரத்தடியில் இருத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறான். எப்போதோ எவனோ எய்த அம்பு ஒன்று அந்த மரத்தில் சிக்கியிருந்தது. காற்றில் கிளை அசைய, அம்பு விழுந்து அவள் உயிர் போகிறது. வேறொரு பக்கம் வில்லோடு இளைப்பாறிக்கொண்டிருந்த வேடனைப் பிடித்துக்கொண்டு அரசனிடம் போகிறான் அந்தணன். வேடன் மறுக்கிறான். அடித்துக் கேட்டும் அதே சொல்தான். அமைச்சர்களுக்கும் தெளிவில்லை. பாண்டியன் ஆலவாயானிடம் முறையிடுகிறான்.

இறைவன் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. நகர்ப்புறத்தில் வணிகர் தெருவில் ஒரு கல்யாண வீடு இருக்கிறது, அந்தணனையும் கூட்டிக்கொண்டு அங்கே போ என்கிறான். இருவரும் மறைந்து நின்று கேட்கிறார்கள். எமதூதர் இருவர் பேசிக்கொள்கிறார்கள்: மாப்பிள்ளையின் ஆயுள் முடிகிறது, காரணமில்லாமல் எப்படி உயிரைக் கொண்டுபோவது? மரத்தில் சிக்கிய அம்பைக் காற்றால் விழவைத்து அந்தப் பெண்ணைக் கொண்டுபோனது போல, மேளச் சத்தத்தில் மிரளும் பசு ஒன்றை அவிழ்த்துவிடலாம் என்று முடிவாகிறது. அந்தணன் இன்னும் நம்பவில்லை. அது நடக்கட்டும், அப்போது ஒப்புக்கொள்கிறேன் என்கிறான். மேளம் முழங்குகிறது, பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவருகிறது, மணவறை பிணவறையாகிறது. வேடன் விடுதலையாகிறான்.

இந்தக் கதையில் அதிசயம் ஒன்றே ஒன்று: எமதூதர் பேச்சு மனிதர் காதில் விழுவது. மற்றதெல்லாம் காற்று, அம்பு, பசு, மேளம். அந்தப் பேச்சையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், முன்கூட்டிச் சொன்னது நடக்கிறதா என்று காத்திருந்து பார்க்கிறார்கள். கேட்டது கருதுகோள், நடந்தது சோதனை. அருளை வேண்டிப் போன மன்னனுக்கு இறைவன் தருவது ஒரு சோதனைச் சாலை. ஒரு புதுமையை மட்டும் அனுமதித்து, மீதி உலகை அதன் வழக்கப்படியே இயங்கவிடுவதுதான் கனவுருப்புனைவின் முதல் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் இங்கே முழுமையாக இருக்கிறது.

அடுத்து, நிலம். இந்த 64 கதைகளையும் ஓரிடத்தில் பிடித்து வைத்திருப்பது இறைவன் பெயர் மட்டுமல்ல; காலடி மண்ணும்தான். ஒவ்வொரு கதையும் மதுரைச் சமவெளியில் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. சிவனின் பூதகணமான குண்டோதரனின் தாகத்துக்கு வைகை. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராட எழுகடல். கோயிலின் கிழக்கே இன்றும் அது ஒரு தெருவின் பெயர். இரசவாதக் கதைக்குத் திருப்பூவணம், இன்று கீழடியும் அடங்கிய திருப்புவனம். அடியார்க்கு அமுது படைத்தே பொருளெல்லாம் தீர்ந்த பொன்னனையாள், இறைவனுக்குப் பொன்னில் திருமேனி செய்ய ஆசைப்படுகிறாள். சித்தராக வந்தவர் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, இரவு தீயிலிடப் பணித்துப் போய்விடுகிறார். செம்பும் பித்தளையும் பொன்னாகின்றன. வார்த்து முடித்த திருமேனியின் அழகு தாளாமல் அவள் கன்னத்தைக் கிள்ளிவிடுகிறாள். அந்த நகக்குறி உற்சவர் கன்னத்தில் இருப்பதாகத் திருப்புவனத்தார் காட்டுகிறார்கள். இரசவாதம் பற்றி ஜெயமோகனும் 'பித்தம்' எழுதினார். ஆனால் உலோகம் பொன்னானதைவிடப் பெரிய செய்தி ஒரு பெண்ணின் கை அடங்காமல் போனது என்று தேர்ந்த அந்தப் பழைய கதைசொல்லியை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

நிலம் பொதுவாக இருப்பதால் கதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. குண்டோதரனுக்காக வந்த அதே வைகைதான் பிறகு உடைப்பெடுத்து புட்டு விற்கும் மூதாட்டி வந்தியைக் கரையடைக்கப் புட்டுக் கூலிக்கு ஆள் தேட வைக்கிறது. மண் சுமக்க வந்தவன் முதுகில் பாண்டியன் அடித்த பிரம்படி ஊரார் எல்லார் முதுகிலும், அடித்தவன் முதுகிலும் விழுகிறது. ஆவணி மூலத் திருவிழாவில் இந்தக் கதைகள் நாளுக்கொன்றாக நடிக்கப்படுகின்றன. புட்டுத் திருவிழா அன்று சுவாமி பொன்மண்வெட்டியும் கூடையுமாய் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார். ஒரு தொகுப்பை ஒரு நகரம் ஆண்டுதோறும் கால்நடையாகவே வாசித்து வருகிறது.

நிலத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கும் சான்று உண்டு. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) நான்கு கதைகளைத் தேர்ந்தது. அவற்றில் தாட்சாயணி கதை 64இல் இல்லாதது. சட்டகமாக அமைந்த மாங்கனிக் கதை பழனியுடையது. படம் மிகச் சிறந்தது. தருமியின் புலம்பலை மறந்தவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அதை இணைப்பது நிலமல்ல, இறைவன் வேடம் ஏற்ற நடிகரின் ஆளுமை. இன்னொரு சான்று மதுரைக்காரரான இந்திரா சௌந்தர்ராஜன். 2024இல் மறைந்த அவர் காவல் தெய்வமும் ஜமீன் சாபமும் உலவும் கதைகளை வாழ்நாள் முழுதும் எழுதினார். ப்ளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் 2008இலும் 2010இலும் கொண்டுவந்த தமிழ் ஜனரஞ்சகப் புனைகதைத் தொகுதிகளில் அவரும் உண்டு. உலக வாசகருக்கு அவை பெரிய வாசலைத் திறந்தன. அங்கே அவருக்கு அண்டை வீட்டார் துப்பறியும் கதையும் காதல் கதையும்தான். சாபம் எந்த மண்ணில் முளைத்தது என்று கேட்கும் பக்கத்து வீடு அவருக்கு வாய்க்கவில்லை.

இவ்வளவு சொன்னபின் மதுரைத் தொகையின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தொகுப்பது விலக்குவதும்கூட. யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப்பசுவை வதைத்த படலம் ஆகிய மூன்றிலும் சமணர் வேள்வி செய்து ஒரு விலங்கை ஏவுகிறார்கள். அது வீழ்த்தப்பட்டு மலையாகிறது. யானைமலை, நாகமலை, பசுமலை. மதுரையைச் சூழ்ந்த இம்மலைகள் தோற்ற பகைவர் ஏவிய விலங்குகளின் உடல்கள் என்று கதை சொல்கிறது. 63ஆம் படலம் கழுமரத்தில் போய் நிற்கிறது. மலைகளுக்கு இவ்வளவு அழகான பிறப்புக் கதை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு படலம்கூட இல்லாத தொகை அது. 64 என்ற நிறைவெண், இனி இடமில்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது.

ஆகவே தமிழ்க் கனவுருப்புனைவைத் தொகுக்க முனைவோரிடம் நான் வேண்டுவது இரண்டு. நாட்டின் பெயரையோ ஆண்டையோ வைத்து அடுக்காமல், கதைகள் ஒன்றையொன்று தொடும்படி ஒரு நிலத்தில் நிறுத்துங்கள். பாண்டி நாடு என்று எடுத்தால் பழி அஞ்சின படலம், புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்', இந்திரா சௌந்தர்ராஜனின் ஜமீன் கதை, நேற்று எழுதவந்தவரின் வைகை கதை எல்லாம் ஒரே மண்ணில் நிற்கும்; நடுநடுவே எந்தப் பாலையை வைப்பது என்பது தொகுப்பவர் திறம். வரிசையின் காரணத்தை முன்னுரையில் எழுதுங்கள். இரண்டாவது, எண்ணை நிறைக்காதீர்கள். விலக்கப்பட்டவர் கதைக்கு ஓர் இடத்தைத் திறந்து வையுங்கள்.

அப்படி ஒரு கதை யானைமலையில் காத்திருக்கிறது. புராணத்தின்படி அந்த யானையைக் கொன்றது நரசிங்கக் கணை. மலையடியில் நரசிங்கப் பெருமாளுக்குப் பாண்டியர் காலத்தில், 770ஆம் ஆண்டில், குடைந்த கோயில் இருக்கிறது. அதே மலையின் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரும், அந்தத் திருமேனி யாருடைய காப்பில் இருக்கிறது என்பதும் வெட்டப்பட்டுள்ளன. காப்பு ஏற்றவர்களில் ஒரு தரப்பார் நரசிங்கமங்கலத்துச் சபையார்.

நரசிங்கத்தின் பெயர் கொண்ட ஊர், சமணத் திருமேனிக்குக் காவல் நின்றிருக்கிறது. 65ஆம் கதையை எழுதப்போகிறவர் மலையடி ஊரான ஒத்தக்கடையில் இறங்கி அந்தக் கல்லெழுத்துக்கு முன் போய் நிற்க வேண்டும்.