குகைக்குள் காற்று வந்த கதை



ரப்பர் காலத்தில் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். கூரைத் திறப்பு அடைத்துக்கொண்டால் உள்ளே ஒரு நிமிஷம் நிற்க முடியாது என்பார்கள். மலையைக் குடைந்து போகும் இரயில் குகைக்கும் இதே கதைதான்.

பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போகும் இரயில், தைப்பிங்கைத் தாண்டிப் பெராப்பிட் குகைக்குள் நுழைகிறது. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். "இவ்வளவு நீளக் குகைக்குள்ளே காத்து எப்படி சார் வருது?" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில் இது.

முதலில் வந்தவை கரி வண்டிகள். 1838இல் இலண்டன்-பர்மிங்காம் பாதையில் கில்ஸ்பி குகையைத் திறந்தபோது, மூச்சு முட்டிப் போகுமோ என்று ஜனங்கள் பயந்தார்கள். ஆகவே ஸ்டீபன்சன் என்ற பொறியாளர், குன்றின் மேலிருந்து குகைவரை சுமார் 18 மீட்டர் அகலத்தில் இரண்டு பெரிய கிணறுகளை வெட்டினார். சூடான புகை மேலே ஏறிப் போகும். குகை வாசல் வழியே நல்ல காற்று வரும்.

உயர்ந்த மலையில் அப்படிக் கிணறு வெட்ட முடியுமா? முடியாது. அங்கே காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதை 1944 மார்ச்சில் உலகம் கண்டது. இத்தாலியில் பல்வானோ அருகே, ஏற்றத்தில் ஏற முடியாமல் ஒரு கரி வண்டி குகைக்குள்ளே நின்றுவிட்டது. கரி சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. போர்க்காலத்தில் உணவு தேடிப் புறப்பட்ட ஏழைகள் உட்பட 500 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். பலர் தூக்கத்திலிருந்து எழவே இல்லை.

இதற்கு ஒரு வழி, விசிறி. அமெரிக்காவில் 1929இல் திறந்த கேஸ்கேட் குகை 12.5 கிலோமீட்டர். அதில் முதலில் மின்சார வண்டிகள் ஓடின. 1956இல் டீசலுக்கு மாறியதும் புகை வந்துவிட்டது. ஒரு வாசலைக் கதவால் மூடி, பெரிய விசிறிகளால் காற்றைத் தள்ள வேண்டியதாயிற்று. புகை வெளியேறும்வரை அடுத்த வண்டி காத்திருக்கும்.

இன்னொரு வழி, புகையையே ஒழிப்பது. சுவிட்சர்லாந்தின் 15 கிலோமீட்டர் கோத்தார்ட் குகை 1882இல் திறந்தது. 1920இல் மின்சாரம் வந்த பிறகே அங்கே புகைத் தொல்லை தீர்ந்தது.

நம் பாதையிலும் 2015 முதல் மின்சார இரயில் ஓடுகிறது. பெராப்பிட்டில் போக ஒரு குழாய், வர ஒரு குழாய். ஓடுகிற வண்டியே தன் முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் புதுக் காற்று நுழையும்.

இந்நாட்டுத் தண்டவாளங்களைப் போட்டவர்களில் நம் முன்னோர் பலர். கரி அள்ளிப் போட்டவனும் குகைப் புகையைக் குடித்தவனும் உழைப்பாளிதான். மாணவர்களே, நாளை நீங்கள் பொறியாளரானால், எதைக் கட்டினாலும் முதலில் கேளுங்கள்: உள்ளே நிற்பவனுக்குக் காற்று எங்கிருந்து வரும்?