தமிழ்நாட்டுச் சரக்குந்து ஓட்டுநர்களும் தொழிற்சங்கங்களும்

தமிழ்நாட்டுச் சரக்குந்து ஓட்டுநர்கள் (பேச்சுவழக்கில் லாரி ஓட்டுநர்கள்) சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தில் ஈடுபடும் தொழிலாளர் ஆவர். எண்ணிக்கையில் பெரிய பிரிவினராக இருந்தும் தொழிற்சங்க முறையில் மிகக் குறைவாக ஒன்றுதிரண்டவர்களாகவே இவர்கள் இருந்து வருகின்றனர். செய்தித்தாள்களில் "லாரி வேலைநிறுத்தம்" எனக் குறிப்பிடப்படுவது பெரும்பாலும் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் அன்று. உரிமையாளர்கள் தம் வண்டிகளை இயக்காமல் நிறுத்திவைப்பதையே அது குறிக்கும். இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால்தான் சங்கம், முதலாளி, பணி மனநிறைவு ஆகியவை குறித்த ஓட்டுநர்களின் நிலைப்பாடுகளைப் புரிந்துகொள்ள இயலும்.

தொழிலின் அமைப்பு

இந்தியாவில் சரக்குந்துகளின் பெரும்பகுதி ஐந்து அல்லது அதற்கும் குறைவான வண்டிகளை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் உள்ளது. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. வண்டிக்கூடு கட்டும் பட்டறைகள், நிதி நிறுவனங்கள், உதிரிப்பாகக் கடைகள், உரிமையாளர் சங்கங்கள் ஆகிய அனைத்தும் அங்கு அருகருகே அமைந்துள்ளன.

பிற மாவட்டங்களின் நிலை வேறு. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் உள்ள எழுமலை பேரூராட்சி, உசிலம்பட்டி வழியாகச் செல்லும் கொச்சி - தொண்டி நெடுஞ்சாலைக்கும் தே. கல்லுப்பட்டி வழியாகச் செல்லும் திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. இதுபோன்ற ஊர்களில் ஒருவர் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துத் தொழில் நடத்துவதே வழக்கம். உரிமையாளரே ஓட்டுநராகவும் இருப்பதுண்டு. பாரம் வேண்டுமெனில் திருமங்கலம், மதுரை போன்ற இடங்களில் உள்ள பதிவு அலுவலகங்களை (புக்கிங் ஆபீசு) நாட வேண்டும். ஓர் ஊரில் நான்கு முதலாளிகளிடம் ஆறு ஓட்டுநர்கள் வேலை செய்கிறார்கள் என்றால், அவ்வறுவரும் ஒரே நாளில் ஊரில் இருப்பதே அரிது. ஆலைத் தொழிலாளர்களைப் போல ஒரே வாயில் வழியாகச் சென்று திரும்புவோர் அல்லர் என்பதால், சங்கக் கூட்டம் என ஒன்றைக் கூட்டுவதே இத்தொழிலில் கடினம்.

ஓட்டுநராகும் வழி மரபாகக் கிளீனர் வேலையிலிருந்து தொடங்கியது. தார்ப்பாய் கட்டுவது, சக்கரம் மாற்றுவது, இரவில் பின்னால் பார்த்துச் சொல்வது என இரண்டு மூன்று ஆண்டுகள் உடன் சென்றவர், மூத்த ஓட்டுநரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டார். கிளீனரை அமர்த்தும் வழக்கம் குறைந்து வருவதால் இப்பயிற்சி முறையும் மறைந்து வருகிறது. தேசிய உரிமம் பெற்ற சரக்குந்துகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற மைய மோட்டார் ஊர்தி விதி 2018 இல் தளர்த்தப்பட்டது. போக்குவரத்து ஊர்தி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019 இல் நீக்கப்பட்டது. பின்னதற்கு ஓட்டுநர் பற்றாக்குறையே காரணமாகக் கூறப்பட்டது.

ஊதிய முறை

மாதச் சம்பளம், நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு, வாடகையில் ஒரு பங்கு என ஊதியம் பல வகைகளில் வழங்கப்படுகிறது. இவற்றோடு நாட்படி (பேட்டா) சேரும். பல உரிமையாளர்கள் ஒரு நடைக்கான டீசல், சுங்கக் கட்டணம், வழிச்செலவு ஆகியவற்றுக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுவர்; அதில் மிச்சம் பிடிப்பது ஓட்டுநரின் திறமை. வழியில் கொடுக்க நேரும் மாமூலும் இத்தொகையிலிருந்தே போவதால், கையூட்டு என்பது ஓட்டுநரைப் பொறுத்தவரை அறநெறிச் சிக்கல் மட்டுமன்று, கூலிக் குறைப்புமாகும்.

இம்முறையில் காத்திருப்புக்கு மதிப்பில்லை. துறைமுக வாயிலிலும் ஆலை வாயிலிலும் பாரம் இறக்கக் காத்துக் கிடக்கும் நாட்களில் வண்டி ஓடுவதில்லை, நடைக்கணக்கும் ஏறுவதில்லை. வண்டி நிற்கும் நாளுக்கான காத்திருப்புக் கட்டணம் (ஹால்டிங்) கிடைத்தாலும் அது முதலில் உரிமையாளரையே சேரும். 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டதும், 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் பாசுடாக் கட்டாயமாக்கப்பட்டதும் வழியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தன. ஆனால் பாரம் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் ஏற்படும் காத்திருப்பை இவை தொடவில்லை.

சட்டப் பாதுகாப்பு

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 இத்துறைக்கெனவே இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 48 மணி நேரம் என வேலைநேரத்தை அது வரையறுத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களில் உரிய அலுவலரின் ஒப்புதலோடு இதனை 10 மணி, 54 மணி வரை நீட்டிக்கலாம். கிழமை விடுமுறை, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு ஆகியவையும் அதில் உண்டு.

எனினும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே இச்சட்டம் பொருந்தியது. சிறு நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது, தானாகப் பொருந்தாது. ஆக, ஒரு வண்டி அல்லது இரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்பவர், அதாவது இத்தொழிலின் வழக்கமான ஓட்டுநர், சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றார். இச்சட்டத்தை உள்ளடக்கி 2020 இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்திற்கான வரம்பு பத்துத் தொழிலாளர்கள் ஆகும். வாசல் இன்னும் சற்று உள்ளே தள்ளிப்போயிற்று எனலாம்.

விபத்தில் இறக்கும் ஓட்டுநரின் குடும்பத்திற்கு நெடுங்காலம் துணைநின்றது 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2009 திருத்தத்தின்பின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்). ஓட்டுநர் மீதே தவறு இருப்பினும், பணியின்போது நேர்ந்த இறப்பு என நிறுவினால் இதன்படி இழப்பீடு கோர இயன்றது. வண்டியின் கட்டாயக் காப்புறுதி இப்பொறுப்பை உள்ளடக்க வேண்டும் என மோட்டார் ஊர்திச் சட்டம், 1988 கூறுகிறது. இதில் இடர் தருவது சான்றாகும். பணி நியமன ஆணையோ சம்பளப் பதிவேடோ இல்லாத தொழிலில், இறந்தவர் அவ்வண்டியில் கூலிக்கு வேலை செய்தவர் என்பதற்கு முதலாளியின் வாக்குமூலமே பெருஞ்சான்றாகிவிடுகிறது. முதலாளியோடு முரண்படாமல் இருக்க ஓட்டுநர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கெனத் தனி நலவாரியம் உள்ளது. அதில் பதிவு செய்து புதுப்பித்து வருவோருக்கு விபத்து, இறப்பு, பிள்ளைகளின் கல்வி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி வழங்கப்படுகிறது.

சங்கங்கள்

இத்துறையில் வலுவாக உள்ளவை உரிமையாளர் அமைப்புகளே. நாடு தழுவிய அளவில் 1936 இல் தோன்றிய அனைத்திந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசும், மாநில அளவில் தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனமும் குறிப்பிடத்தக்கவை. சமையல் எரிவளியைக் கொண்டுசெல்லும் கொள்கல ஊர்திகளின் உரிமையாளர்களுக்கு நாமக்கல்லில் தனிச் சங்கம் உண்டு. 2004 ஆகத்தில் சேவை வரியை எதிர்த்தும், 2009 சனவரியில் டீசல் விலை உள்ளிட்டவற்றுக்காகவும், 2015 அக்டோபரில் சுங்கக் கட்டண முறையை எதிர்த்தும், 2018 சூலை 20 முதல் எட்டு நாட்கள் டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் தரப்புக் காப்புறுதிக் கட்டணம் ஆகியவற்றை முன்வைத்தும் நாடு தழுவிய நிறுத்தங்கள் நடந்தன. இவற்றின் முதன்மைக் கோரிக்கைகளில் ஓட்டுநரின் சம்பளமோ வேலைநேரமோ இடம்பெறவில்லை. வண்டி நின்ற நாட்களில் நடைக்கூலி பெறும் ஓட்டுநர் வருமானம் இழந்தார் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

அதேவேளை, இந்நிறுத்தங்களை முதலாளிகளின் சூழ்ச்சியாக ஓட்டுநர்கள் கருதினர் என்று சொல்லிவிட இயலாது. டீசல் விலை ஏறினால் தம் பங்கும் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேலும் பல உரிமையாளர்கள் முன்னாள் ஓட்டுநர்கள். இன்றைய ஓட்டுநர்களில் பலருக்கும் பழைய வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி முதலாளியாக வேண்டும் என்பதே இலக்கு. நாளை தானும் முதலாளி ஆகக்கூடும் என நினைப்பவருக்கு முதலாளிக்கு எதிரான சங்கம் உவப்பானதாக இருப்பதில்லை. முன்பணம் வாங்கியிருப்பதும், ஊர், உறவு வழிப் பழக்கமும் இந்நெருக்கத்தை இறுக்குகின்றன. குறை இருந்தால் சங்கத்தில் முறையிடுவதைவிட வேறு முதலாளியிடம் போய்விடுவதே எளிய வழி. ஓட்டுநர் பற்றாக்குறை நிலவும் காலத்தில் அது பலனளிக்கும் வழியும்கூட.

பேருந்துத் துறை இதற்கு நேர்மாறானது. மதுரையில் 1972 இல் தொடங்கப்பட்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகம் முதலாக, அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கம் போன்றவை ஆழ வேரூன்றியுள்ளன. ஒரே முதலாளி, ஒரே பணிமனை, தொழில் தகராறுகள் சட்டம், 1947 இன் 12(3) பிரிவின்படி செய்துகொள்ளப்பட்டு வந்த ஊதிய ஒப்பந்தங்கள் ஆகியவை இதற்கு அடிப்படை. 2018 சனவரி 4 முதல் 11 வரை இத்தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக நியமித்தது. அதே உரிமம் பெற்று அதே சாலையில் ஓட்டும் சரக்குந்து ஓட்டுநருக்கு எதிரே அமர்ந்து பேச இத்தகைய ஒரு மேசை இல்லை.

2024 சனவரி வேலைநிறுத்தம்

ஓட்டுநர்களே முன்னின்று நடத்திய அரிய போராட்டம் 2024 சனவரி தொடக்கத்தில் நிகழ்ந்தது. பாரதிய நியாய சன்கிதாவின் 106(2) ஆம் பிரிவு, கவனக்குறைவாக ஊர்தி ஓட்டி இறப்பை ஏற்படுத்தியபின் காவல்துறைக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்வோருக்குப் பத்தாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்க வகைசெய்தது. முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் உச்ச தண்டனை இரண்டு ஆண்டுகளே. ஏழு இலட்சம் ரூபாய் தண்டம் என்றும் செய்தி பரவியது. சட்டத்தின் வாசகத்தில் அத்தகைய தொகை எதுவும் இல்லை. சனவரி 1, 2 ஆகிய நாட்களில் வட, மேற்கு மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை விட்டு இறங்கினர். எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசைகள் காணப்பட்டன.

ஓட்டுநர்களின் அச்சம் தண்டனையைப் பற்றியது மட்டுமன்று. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடும் என்பதே அவர்கள் முன்வைத்த வாதம். மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 134 ஆம் பிரிவே இதனை ஏற்கிறது: காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை, ஆனால் கூட்டத்தின் சினத்தால் அது இயலாதபோது விலக்கு உண்டு, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். சனவரி 2 அன்று ஒன்றிய உள்துறைச் செயலர் அசய் பல்லா பேச்சு நடத்தி, கலந்தாலோசித்த பின்னரே அப்பிரிவு நடைமுறைப்படுத்தப்படும் என்று அறிவித்தார். அவர் பேசியதும், கலந்தாலோசிப்பதாக உறுதியளித்ததும் அனைத்திந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசிடம், அதாவது உரிமையாளர் அமைப்பிடம். ஓட்டுநர்கள் இறங்கி நிறுத்திய வண்டிகளுக்கு உரிமையாளர்களே பேச்சாளர்களாயினர். 2024 சூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

பணி மனநிறைவு

சேவ்லைப் அறக்கட்டளை 2020 இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஓட்டுநர்களைச் சந்தித்து நடத்தப்பட்டது. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டினர். ஏறத்தாழப் பாதிப் பேர் களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் வண்டி ஓட்டுவதாக ஒப்புக்கொண்டனர். 53 விழுக்காட்டினர் தம் தொழிலில் மனநிறைவில்லை என்றனர். தம் குடும்பத்தினருக்கோ உறவினருக்கோ இத்தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 84 விழுக்காட்டினர். இவ்விரு எண்களுக்கும் உள்ள இடைவெளி கருதத்தக்கது: தன்னளவில் நிறைவோடு இருப்பவர்களிலும் பலர் தம் மகன் ஓட்டுநராவதை விரும்பவில்லை.

வீட்டைப் பிரிந்திருத்தல், வண்டி நிறுத்தவும் குளிக்கவும் இடமின்மை, காவலர்களும் பொதுமக்களும் மரியாதையின்றி நடத்துதல் ஆகியவை குறைகளாகத் திரும்பத் திரும்பக் கூறப்படுகின்றன. எய்ட்சு விழிப்புணர்வுப் பரப்புரைகள் நெடுந்தொலைவு ஓட்டுநர்களை இலக்காகக் கொண்டு நடந்தபோது, நன்மையோடு ஓர் அவப்பெயரும் வந்து சேர்ந்தது. நிறைவு தருபவையும் உண்டு. மேற்பார்வையாளர் தலைக்குமேல் நிற்காத வேலை, ஊர்களையும் மொழிகளையும் அறியும் வாய்ப்பு, பெரிய வண்டியைக் கையாளும் பெருமிதம் ஆகியன அவற்றுட் சில. புவியிடங்காட்டிக் கருவிகள் பொருத்தப்பட்டபின் முதலாவது குறைந்து வருகிறது. வண்டி எங்கு எவ்வளவு நேரம் நின்றது என்பது முதலாளியின் கைப்பேசியிலேயே தெரிந்துவிடுகிறது.

நிருவாக முறையை மாற்றிப் பார்த்தவர்களும் உளர். 2014 இல் குர்கானில் தொடங்கப்பட்ட ரிவிகோ நிறுவனம் ஓட்டுநர்களைத் தொடரோட்ட முறையில் அமர்த்தியது. ஒருவர் சில மணி நேரம் ஓட்டி வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றொரு வண்டியில் தன் ஊர் திரும்பலாம். பல வண்டிகளும் இடைநிலையங்களும் உள்ள நிறுவனத்திற்கே இது இயலும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் டீம்சுடர்சு சங்கம் 1964 இல் சிம்மி ஓபாவின் தலைமையில் நாடு தழுவிய சரக்குப் போக்குவரத்து ஊதிய ஒப்பந்தத்தைப் பெற்றது. 1980 இல் கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் சங்கத்தின் பிடி தளர்ந்தது. ஓட்டுநர்கள் அடிக்கடி நிறுவனம் மாறுவது அங்கும் வழக்கமாயிற்று. தென்கொரியாவில் வண்டி உரிமையாளர்களாகவும் இருக்கும் ஓட்டுநர்கள், பாதுகாப்பான ஓட்டத்திற்குக் குறைந்தபட்ச வாடகை வேண்டும் என்ற கோரிக்கையை முன்னெடுத்தனர். 2020 முதல் 2022 வரை அங்கு நடைமுறையில் இருந்த அவ்விதியை நீட்டிக்கக் கோரி 2022 இல் இருமுறை வேலைநிறுத்தம் செய்தனர். உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரேயான தமிழக ஊர்களுக்கு அமெரிக்க முறையைவிட இது நெருக்கமானது.

அண்மைய நிகழ்வுகள்

2025 மார்ச்சு 27 அன்று தென்மண்டல எரிவளிக் கொள்கல ஊர்தி உரிமையாளர்கள் எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து நிறுத்தத்தில் ஈடுபட்டனர். மாற்று ஓட்டுநரோ கிளீனரோ வண்டியில் இல்லாவிடில் 20,000 ரூபாய் தண்டம் என்பது எதிர்க்கப்பட்ட விதிகளுள் ஒன்று. எரிவளி ஏற்றிய வண்டியில் இரண்டாவது ஆள் இருப்பது ஓட்டுநரின் உறக்கத்தோடும் உயிரோடும் தொடர்புடையது. அது பேசப்பட்டதோ உரிமையாளரின் செலவுக் கணக்காக.

புதிதாக உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி 2025 இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் உற்பத்தியான வண்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது.