சென்னை மழையின் கணக்கேடு

சந்தாபுராவில் வாழும் நம்முட் பலருக்குச் சென்னையிற் சுற்றத்தார் உளர். ஆங்கே பெருமழை என்னுஞ் செய்தி வருந்தோறும், ‘முன் எந்நாளும் இத்தகைய மழை இல்லை’ என்று பெரியோர் கூறக் கேட்கின்றோம். அக்கூற்று மெய்தானோ என்பதற்குச் சான்று நுங்கம்பாக்கத்தில் உளது.

1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வானாய்வுக்கூடம் ஒன்று நிறுவினர். அதன் கருங்கல் தூண் தமிழெழுத்துகளைத் தாங்கி இன்றும் நிற்கின்றது. ஆசியாவிற் கணிதக்கலையை முதன்முதல் ஊன்றியவர் தாமே என்று அதிற் பெருமை பேசியுள்ளனர். ஆரியபட்டர் கேட்டிருப்பின் நகைத்திருப்பார்! ஆயினும், கோல்டிங்காம் என்பார் 1796இல் தொடங்கிய வானிலைக் குறிப்பு மெய்யான செல்வமே. 1899இல் விண்மீன் ஆராய்ச்சி கோடைக்கானலுக்குச் சென்ற பின்னும் நுங்கம்பாக்கத்தில் மழையளத்தல் நின்றிலது.

சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றாற் பெய்வது. புயற்சின்னம் ஒன்று கரையருகே தங்கிவிடின், ஒரு மாதத்து மழை ஒரு நாளிலே கொட்டிவிடும். 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 452 மி.மீ. பதிவாயிற்று. 2015 டிசம்பர்ப் பேரிடரின்போது அங்கே ஒருநாள் மழை 300 மி.மீ.யைத் தொடவில்லை, தாம்பரத்திலோ ஏறத்தாழ 490. நவம்பர் மழையில் ஏரிகள் முன்னரே நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கத்து நீரும் சேர அடையாறு கரைபுரண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பும் வேளச்சேரித் தாழ்நிலமும் முன்னர் ஏற்றுக்கொண்ட வெள்ளத்திற்கு, அங்கெல்லாம் வீடுகள் எழுந்த பின் செல்லிடம் இல்லாது போயிற்று.